கால், அரை, முழு

அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்லும் ஆட்டத்தில் பந்தின் மேல் கால் படுவது அபூர்வம். பந்தும் உருண்டை இல்லை, பெரிய பலாக்கொட்டை மாதிரி இருக்கும். புதிதாகப் பார்க்க உட்காருகிறவருக்கு முதல் அரைமணி நேரத்தில் பிடிபடுவது இவ்வளவுதான்: இருபத்திரண்டு பேர் குனிகிறார்கள், முட்டிக்கொள்கிறார்கள், மூட்டை மூட்டையாகச் சரிகிறார்கள், யாரோ விசில் ஊதுகிறார், பிறகு வட்டமாகக் கூடி நின்று ரகசியம் பேசுகிறார்கள். விதிப்புத்தகத்தைப் படித்தாவது தேறலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அது விதிப்புத்தகமே அல்ல, குற்றப்பத்திரிகை. ஒருவன் ஏதோ தில்லுமுல்லு செய்வான், அதை அடைக்க ஒரு விதி வரும், அதில் ஓட்டை போட அடுத்தவன் வருவான். யார் எங்கே நிற்கிறார்கள் என்று புரிய வேண்டுமானால் அந்தத் தில்லுமுல்லு வரலாறுதான் வழி.

1869 நவம்பர் 6 அன்று நியூ ஜெர்சியில் ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் மோதின. பக்கத்துக்கு 25 பேர், உருண்டைப் பந்து, கையில் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது. ரட்கர்ஸ் 6–4 என்று ஜெயித்தது. இதைத்தான் ஆட்டத்தின் பிறந்தநாள் என்கிறார்கள். குழந்தையின் மூக்கும் முழியும் இன்றைய ஆளோடு கொஞ்சமும் ஒத்துப்போகவில்லை என்பது வேறு விஷயம். 1874-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தார் ஹார்வர்டுக்கு வந்து ரக்பி ஆடிக் காட்டினார்கள். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடலாம், எதிராளியைக் கட்டிப்பிடித்துக் கீழே தள்ளலாம் என்றதும் ஹார்வர்டு பையன்களுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ரக்பியில் இரண்டு கட்சியும் முட்டித் தள்ளும் கும்பலுக்குள்ளிருந்து பந்து எந்தப் பக்கம் வரும் என்பது கடவுளுக்கே வெளிச்சம். யேல் கல்லூரியின் வால்டர் கேம்ப்புக்கு இது பொறுக்கவில்லை. 1880-இல் ஆளைப் பதினொன்றாகக் குறைத்து, நடுவே ஒரு கோடு போட்டார். பந்து ஒரு கட்சிக்கே சொந்தம். நடுவில் நிற்கும் சென்டர் அதைப் பின்னால் தள்ளிவிட வேண்டும், அதுவும் அப்போது காலால். வாங்கிக்கொள்கிறவன் குவாட்டர்பேக். இங்கே தமிழருக்கு மட்டும் ஒரு வசதி. கோட்டுக்குப் பின்னால் அருகே நிற்பவன் கால், அவனுக்குப் பின்னால் ஹாஃப்பேக்குகள் அரை, கடைசியில் ஃபுல்பேக் முழு. கால்பந்தில் கால் எங்கே என்று கேட்பவருக்கு இவனைக் காட்டிவிடலாம். இன்று கோடிகளில் புரளும் இந்தக் கால், அன்று வெறும் எடுபிடி. பந்தை வாங்கி அடுத்தவனிடம் கொடுக்கலாம், தானே முன்னால் பாய்ந்தால் தப்பாட்டம்.

பந்து எனக்கே சொந்தம் என்றால் அதை நான் ஏன் விட வேண்டும்? 1881-இல் பிரின்ஸ்டனும் யேலும் ஆளுக்கொரு பாதி நேரம் பந்தை அடைகாத்தார்கள். 0–0. பார்க்க வந்தவர்கள் என்ன திட்டினார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளுங்கள். மறு ஆண்டே மூன்று முயற்சிக்குள் ஐந்து கஜம் நகராவிட்டால் பந்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று விதி வந்தது. நகர்ந்ததா என்று பார்க்க ஐந்து கஜத்துக்கு ஒரு கோடு. மைதானம் இறைச்சி வாட்டும் கம்பித்தட்டு போல ஆனது, பெயரும் அதுவே ஆனது: கிரிடயர்ன்.

முன்வரிசையில் சென்டரை ஒட்டி இரண்டு கார்டுகள், அடுத்து டேக்கிள்கள், ஓரங்களில் எண்டுகள். கார்டு என்பவன் நடமாடும் மதில்சுவர், யாரும் பெயர்கூடக் கேட்க மாட்டார்கள். ஆனால் பகிரங்கமாகத் தெரியவந்த முதல் கூலி ஆட்டக்காரன் ஒரு கார்டுதான். 1892-இல் பட்ஜ் ஹெஃபல்ஃபிங்கர் பிட்ஸ்பர்க்கில் ஒரே ஆட்டத்துக்கு 500 டாலர் வாங்கினார். ‘நாங்கள் காசுக்கு ஆடுவதில்லை’ என்று எல்லாரும் சத்தியம் செய்த காலம் அது. அவரை அமர்த்திய கிளப்பின் கணக்குப்பிள்ளை மட்டும் நேர்மையாகச் செலவுச் சீட்டில் எழுதி வைத்துவிட்டார். கொடுத்த காசு வீண்போகவில்லை. எதிராளி நழுவவிட்ட பந்தை அள்ளிக்கொண்டு ஓடி, ஆட்டத்தின் ஒரே டச்டவுனை, அதாவது பந்தோடு மறுகோடி சேர்வதை, அவரே போட்டார்.

அதே ஆண்டு லோரின் டீலண்ட் என்ற சதுரங்கப் பிரியர், நெப்போலியனின் போர்முறைகளைக் கரைத்துக் குடித்துவிட்டு, ஹார்வர்டு ஆட்களை ஆப்பு வடிவில் ஓடவிட்டார். ஃபுட்பாலை அவர் ஆடியதே இல்லை; அடிபடாதவருக்குத்தானே இப்படி யோசனை வரும். யேல் அதையும் தாங்கிக்கொண்டு 6–0 என்று ஜெயித்தது. மற்றக் கல்லூரிகள் ஆப்பைக் காப்பியடிக்க, எலும்பு முறிவு பெருகியது. 1905-இல் சாவே குறைந்தது 18. சண்டைக்கு அஞ்சாத ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டே கல்லூரிக்காரர்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேச வேண்டியதாயிற்று.

1906-இல் பந்தை முன்னால் எறியலாம் என்றார்கள். செயின்ட் லூயிஸ் அணியின் பிராட்பரி ராபின்சன் முதலில் எறிந்த பந்தை யாரும் பிடிக்கவில்லை. அன்றைய விதிப்படி பந்து எதிராளிக்குப் போனது. அடுத்து எறிந்தது டச்டவுன். எடுபிடிக் கால் மகாராஜாவானதும், ஓரத்து எண்டுகள் பந்து பிடிக்க ஓடத் தொடங்கியதும், அவர்களைத் துரத்த எதிர்க்கட்சி பின்னால் ஆள் நிறுத்தியதும் இதற்கப்புறம்தான்.

ஆரம்பத்தில் பார்த்த அந்த ரகசிய வட்டக்கூட்டத்துக்குப் பெயர் ஹடில். காது கேளாதோர் பயிலும் கலாடெட்டில் 1890-களில், தங்கள் சைகை பாஷையை எதிராளி எட்டிப் பார்க்காமல் இருக்கச் சுற்றி நின்று மறைத்தார்கள். காது கேட்பவர்கள் அதைக் கடன் வாங்கி இன்னும் திருப்பித் தரவில்லை.

இவ்வளவு படித்தும் பந்து எங்கே போகிறது என்று தெரியவில்லையா? கவலை வேண்டாம். 1903-இல் பூர்வகுடி மாணவர்களின் கார்லைல் பள்ளி, பனியனுக்கு அடியில் எலாஸ்டிக் தைத்து, பந்தை ஒருவனின் முதுகில் செருகிவிட்டது. மற்றவர்கள் பந்து வைத்திருப்பதுபோலப் பாவனை செய்து நாலா திசையிலும் ஓட, ஹார்வர்டின் பதினொரு பேரும் வெறுங்கைகளைத் துரத்தினார்கள். முதுகு வீங்கிய பையன் நிதானமாக மறுகோடி சேர்ந்தான். ஹார்வர்டு அந்த ஆட்டத்தை 12–11 என்று எப்படியோ ஜெயித்துவிட்டது.