தொட்டி விளக்கு யாருக்கு? சிக்லிட் மீனும் சிக்கன வெளிச்சமும் குறித்த ஓர் ஆராய்ச்சி

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டியின் மேல் எரியும் விளக்கு யாருக்காக எரிகிறது? உரையாசிரியர்கள் எவரும் இந்த வினாவை எழுப்பவில்லை. அவர்கள் காலத்தில் கண்ணாடித் தொட்டி கிடையாது என்று சமாதானம் சொல்லலாம். மீன் கடைக்காரர்கள் எழுப்பாததற்குச் சமாதானம் இல்லை, காரணம் உண்டு. மீனுக்கான விளக்கு என்றால் ஒரு விலை. மனிதனுக்கான விளக்கு என்றால் வேறு விலை. அதே பத்து வாட் எல்.இ.டி. பட்டை மீன் கடையில் அலங்காரப் பெட்டிக்குள் இருக்கிறது. எலெக்ட்ரிக்கல் கடையில் 'பேட்டன்' என்ற பெயரில் மூலையில் சாத்தி வைத்திருக்கிறது. இந்த இரண்டு கடைகளுக்கும் இடைப்பட்ட தூரமே நம் ஆய்வுக் களம்.

ஆய்வுப் பொருளை முதலில் வரையறுப்பது மரபு. சிக்லிட் பெரிய குடும்பம். ஆயிரத்து ஐந்நூறு இனங்களுக்கு மேல் உண்டு. வரவேற்பறையில் நளினமாக மிதக்கும் ஏஞ்சல், தலைப் புடைப்போடு 'வாஸ்து மீன்' என்று விலைபோகும் ஃபிளவர்ஹார்ன், கேரளத்துக் கரிமீன், 1952-இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டு ஏரி குளமெல்லாம் பெருகிவிட்ட ஜிலேபிக் கெண்டை எல்லாம் நெருங்கிய சொந்தங்கள். ஆகவே சிக்லிட் தொட்டியைப் பார்த்து, "இதைக் குழம்பு வைக்கலாமா?" என்று கேட்கும் விருந்தினரை விவரம் தெரியாதவர் என்று ஒதுக்கக் கூடாது. உயிரியல் வகைப்பாடு முழுக்க அவர் பக்கம்.

ஆனால் நாம் எடுத்துக்கொண்ட மீன் குழம்புக்குத் தேறாது. ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியைச் சேர்ந்த நியோலாம்ப்ரோலோகஸ் மல்டிஃபேசியேட்டஸ் என்பது அதன் முழுப்பெயர். வளர்ப்பவர்கள் 'மல்டி' என்பார்கள். வளர்ந்த ஆணே சுமார் 5 செ.மீ. ஏரித் தரையில் கிடக்கும் காலி நத்தை ஓடுகள்தான் அதற்கு வீடு, பிரசவ அறை, பதுங்கு குழி எல்லாம். ஆஸ்கர் என்ற சிக்லிட்டை விட்டு இதை ஏன் தேர்ந்தாய் எனின், ஆஸ்கர் இரண்டு அங்குலக் குஞ்சாகப் பாலிதீன் பையில் வீட்டுக்கு வந்து ஓரடி மீனாக முடியும். ஓரடி அகலத் தொட்டியில் ஓரடி மீன் எப்படித் திரும்பும் என்பது வடிவியலாருக்கான கேள்வி. மலாவி ஏரியின் வண்ண வண்ணமான எம்பூனாக்களோ நாலடித் தொட்டியிலும் எல்லைத் தகராறு செய்பவை. தொட்டி சிறிதென்றால் மீனும் சிறிதாக இருக்க வேண்டும் என்பது கொளத்தூர் மீன் சந்தைக்குப் போகும்போது எல்லோருக்கும் தெரிகிறது. திரும்பும்போது சிலருக்கு மறந்துவிடுகிறது.

இனி நீர். சென்னையின் போர் தண்ணீர் குழாயில் வெள்ளையாகப் படியும், வாட்டர் ஹீட்டரின் காயிலைத் தின்னும், சோப்பை நுரைக்க விடாது. மனித வாழ்வுக்கு இத்தனை இடைஞ்சலான இந்நீர் மல்டிக்குத் தாய்வீட்டுத் தண்ணீர் போல ஒத்துப்போகும். டாங்கனிக்காவும் கடின நீர் ஏரிதான், அதன் பி.எச். 9-ஐ ஒட்டி நிற்பது. பிள்ளைப் பாசத்தில் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுவோர் உளர். தாது நீங்கிய நீர் இம்மீனுக்கு ஆகாதாதலின் அவர் கூற்று மறுக்கப்பட்டது. கடற்கரைப் பக்கத்து உவர்நீருக்கு இந்த விதி செல்லாது. குளோரின் போட்ட குழாய்த் தண்ணீருக்கு ஹைப்போ சில்லு உண்டு, கடையிலேயே கிடைக்கும்.

தொட்டியை நிறுத்துவதில் அதிகம் ஆராய ஒன்றுமில்லை. இரண்டு கன அடி என்பது சுமார் 57 லிட்டர். தண்ணீரும் கண்ணாடியும் மணலும் சேர்ந்து முக்கால் குவிண்டாலை நெருங்கும். பிளாஸ்டிக் ஸ்டூல் இக்கருத்தோடு உடன்படாது. சமமான மேசை, அடியில் தெர்மோகோல் தகடு, உள்ளே இரண்டு அங்குலம் அலசிய ஆற்று மணல், மூலையில் ஏர் மோட்டாரோடு இணைத்த ஸ்பாஞ்ச் ஃபில்டர். டாங்கனிக்காவின் நத்தை ஓட்டுக்கு ஆப்பிரிக்கா வரை ஆளனுப்ப வேண்டாம். நம் வயல் நத்தையின் காலி ஓட்டைக் கொதிக்கவைத்துக் கழுவிப் போட்டால் மல்டி வாடகை பேசாமல் குடியேறும். ஆனால் உடனே குடியேற்றலாகாது. மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஸ்பாஞ்சில் ஊன்றிப் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் வேண்டும். அதுவரை தினமும் ஒரு சிட்டிகை மீன் தீவனத்தை வெறும் தண்ணீருக்குப் போட வேண்டியிருக்கும். அக்கம்பக்கத்தார் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பது வேறு. நம் ஆய்வுக்கு இதில் வேண்டியது ஒன்றே: அந்தப் பாக்டீரியாவுக்கு விளக்கு வேண்டாம். முதல் மாத வெளிச்சச் செலவு பூஜ்யம்.

இப்போது விளக்குக்கு வருவோம். இங்கே மூன்று கட்சிகள் உண்டு.

தொட்டியை ஜன்னலோரம் வைத்தால் சூரியனே போதும், காசு மிச்சம் என்பது முதல் கட்சி. ஈசானிய மூலையில் மீன் தொட்டி வைக்கச் சொல்லும் வாஸ்துக்காரர்களும் கிழக்கு ஜன்னல் வாய்த்த வீடுகளில் தம்மை அறியாமல் இதில் சேர்கிறார்கள். அது பொருந்தாது, என்னை? நேர் வெயில் பட்ட தொட்டியில் பாசி விளையும், தண்ணீரும் சூடேறும். சென்னையின் மே மாதத்தில் தொட்டி நீர் தானாகவே 30 டிகிரியைத் தாண்டும். அதற்கு வெயிலின் உதவி தேவையில்லை.

சிவப்பு, பச்சை, ஊதா என்று மாறி மாறி எரியும் விளக்கே வேண்டும் என்பது இரண்டாம் கட்சி. ரிமோட்டும் தருகிறார்கள். இவர்களுக்கு விடை விக்டோரியா ஏரியிலிருந்து வருகிறது. அங்கே பண்டமீலியா என்ற சிக்லிட் பேரினத்தில் இரண்டு இனங்கள்: ஒன்றின் ஆண் சிவப்பு, மற்றதன் ஆண் நீலம். ஓலே சீஹௌசனும் அவர் கூட்டாளிகளும் 1997-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வெள்ளை வெளிச்சத்தில் பெண் மீன் தன் இனத்து ஆணைச் சரியாகத் தேர்ந்தது. நிற வேறுபாட்டை மறைக்கும் ஒற்றை நிற வெளிச்சத்தில் அந்தத் தேர்வு குழம்பியது. ஏரி கலங்கிய இடங்களில் இனங்கள் குறைந்துபோனதற்கும் அவர்கள் சொன்ன காரணம் இதுவே. பட்டுப்புடவையைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கும் நம் பெண்களின் முறையும் அறிவியலில் இதே முறைதான். மல்டிக்குப் பெரிதாக நிறமில்லையே எனின், அதன் கண்ணில் ஒரு நீலம் உண்டு. மஞ்சள் கலந்த 'வார்ம் ஒயிட்' அந்த நீலத்தைக் கொன்றுவிடும். எலெக்ட்ரிக்கல் கடையில் 'கூல் டே லைட், 6500 கே' என்று கேட்டு வாங்குக.

மூன்றாம் கட்சி கடுமையானது: செடிக்கு வெளிச்சம் வேண்டும், ஆகவே அதிக வாட் வேண்டும், ஆகவே விலை உயர்ந்த விளக்கு வேண்டும். முதல் வாக்கியம் உண்மை. ஆனால் மல்டி நாளெல்லாம் வாயால் மணலை அள்ளிப் பள்ளம் தோண்டும் மீன். அதன் தொட்டியில் செடி நடுவோர் அடிக்கடி மீண்டும் நடுவர். செடியை நீக்கிவிட்டால் அதிக வாட்டுக்கான வாதமும் வேரோடு போய்விடும். மிஞ்சியது மீன். அது பிறந்த நத்தை ஓட்டுப் படுகைகள் பல மீட்டர் ஆழத்தில் கிடப்பவை. பளீர் வெளிச்சத்தை அது கேட்டதே இல்லை. பகலில் அறைக்குள் வரும் வெளிச்சமே அதற்குப் போதும்.

எனவே விளக்கு பார்ப்பவருக்கே என்பது பெறப்பட்டது. பார்ப்பவர் வீட்டிலிருக்கும் நேரம் மட்டும் எரிந்தால் போதும். எட்டு மணி நேரத்தைத் தாண்டினால் பயன் பாசிக்கே. பழைய தொட்டி மூடிகளில் இருந்த இரண்டடி டியூப் லைட் சோக்கையும் சேர்த்து மின்சாரம் குடித்து மேலிருந்து சூடும் காட்டியது. இன்று அதே வேலையை 10 வாட் பேட்டன் செய்கிறது. நீல எல்.இ.டி. கண்டுபிடித்த மூவருக்கு 2014-இல் இயற்பியல் நோபல் கொடுத்தபோது மீன் தொட்டியைக் குறிப்பிடாமல் விட்டது ஒரு குறையே. தொட்டி மேல் கண்ணாடி மூடி, அதன் மேல் பேட்டன் வைக்க. தண்ணீர் தெறிக்கும் இடத்தில் வீட்டு விளக்கு நேராக நிற்கலாகாது. ஒயர் பிளக்குக்கு ஏறுமுன் கீழே தொங்கி வளைய வேண்டும். வழியும் சொட்டு அந்த வளைவில் விழும், பிளக்குக்குள் போகாது. இந்த ஓரிடத்தில் மட்டும் இவ்வாய்வு விளையாடவில்லை.

அணைப்பதிலும் முறை உண்டு. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கான்ராட் லோரன்ஸ் தம் ஜூவல் சிக்லிட்டுகள் மாலையில் குஞ்சுகளை வாயால் பொறுக்கிக் கூட்டுக்குத் திருப்புவதைப் பார்த்து எழுதியிருக்கிறார். அதாவது சிக்லிட் உலகில் அந்தி என்று ஒரு நேரமுண்டு. திடீரென்று எல்லாம் இருண்டால் மீன் மிரண்டு கண்ணாடியில் மோதும். எனவே முதலில் தொட்டி விளக்கு, அரை மணி கழித்து ஹால் விளக்கு. இதற்கு டைமர் வாங்கலாமா? விசாரித்தால் சில கடைகளில் டைமரின் விலை விளக்கின் விலையைப் பிடித்துவிடுகிறது. வீட்டில் கடைசியாகத் தூங்கப் போகிறவரே டைமராக நியமிக்கப்படுகிறார், சம்பளமில்லை.

எஞ்சியிருப்பது கரண்ட் பில் குறித்த குடும்பத் தடை. 10 வாட், எட்டு மணி நேரம், 60 நாள்: 4.8 யூனிட். தமிழக வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-இல் வந்த கணக்கில் இது இருபதில் ஒரு பங்கும் இல்லை. ஆனால் மூலையில் 5 வாட் ஏர் மோட்டார் இரவும் பகலும் ஓடுகிறது. 60 நாளுக்கு 7.2 யூனிட். விளக்கைவிட ஒன்றரை மடங்கு. வெளிச்சம் போடாததால் அதன்மேல் எவருக்கும் சந்தேகமில்லை. அற்றேல், ராத்திரி மோட்டாரை நிறுத்தலாமே எனின், ஸ்பாஞ்சில் ஆறு வாரம் வளர்த்த பாக்டீரியாவுக்கும் மீனுக்கும் மூச்சு அதுதான். விளக்கை வேண்டுமானால் அணைத்துக்கொள்க.