பஞ்சாரத்தைத் தூக்குற நேரம்

வாய்யா பேராண்டி, கையக் கழுவிட்டு உக்காரு. குழம்பு ஆறித்தான் கெடக்கு, அப்பத்தா மேல குத்தமில்ல. விடியக்காலையில போன் போட்டு, "பிளேன்ல வர்றேன் தாத்தா, ஒரு மணி இருபது நிமிஷந்தான்"னு சொன்னியே, அதை நம்பி அந்த அப்புராணி ஏழு மணிக்கு முன்னாடியே பஞ்சாரத்தைத் தூக்கிட்டா. இட்லிக்குக் கோழிக்குழம்புன்னு கனவு. நீ உசிலம்பட்டி வந்து எறங்கும்போது மணி பன்னெண்டே முக்கால். இட்லி கல்லாயிருச்சு.

நான் ஆறாங்கிளாஸ் தாண்டாதவன். ஆனா கணக்குப் போடுவேன். காக்கா பறக்குற வழியில சென்னை மீனம்பாக்கத்துக்கும், அவனியாபுரத்துக்கு அங்கிட்டு இருக்கிற நம்ம ஏர்போர்ட்டுக்கும் சுமார் 420 கிலோமீட்டர். ஜெட் பிளேன் மேல ஏறி நிதானிச்சா மணிக்கு 800 தாண்டும்கிறாங்க. அப்ப அரை மணியில வந்திருக்கணுமே! மீதி அம்பது நிமிஷத்தை எந்த மேகத்துல தொலைச்ச?

முழிக்காத, சொல்றேன். டிக்கெட்டுல போட்ட நேரம் பறக்குற நேரமில்ல. இங்கன நின்ன எடத்துலேருந்து சக்கரம் உருண்டு, அங்கன போயி நிக்கிற வரைக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போகணும், முன்னாடி நிக்கிறவன் ஏறுற வரைக்கும் காத்திருக்கணும், மெல்ல ஏறணும், மெல்ல எறங்கணும். இதுக்கு மேல கம்பெனிக்காரன் கொஞ்சம் கொசுறும் சேத்துப் போட்டுருவான். கொசுறு மிஞ்சினா, "பத்து நிமிஷம் முன்னாடியே வந்துட்டோம்"னு பெருமையாச் சொல்லுவான். நீயும் கை தட்டுவ!

இதையும் கேளு. சென்னையிலேருந்து டெல்லி 1,760 கிலோமீட்டர். மதுரையைப் போல நாலு மடங்கு. பிளேன் நேரம் நாலு மடங்கா? ரெண்டே முக்கால் மணி, சுமாரா ரெட்டிப்பு. ஏன்? அம்பது பேருக்கு ஆக்கினாலும் ஐநூறு பேருக்கு ஆக்கினாலும் அடுப்பு மூட்டுற நேரம் ஒண்ணுதான்யா. ஏத்தமும் எறக்கமும் அந்த அடுப்பு. டெல்லிக்குப் போனா ரயிலை விட ஒரு நாளுக்கு மேல மிச்சம். மதுரைக்கு வந்தா அடுப்பு மூட்டுறதுலயே பாதிப் பொழுது போயிருது.

இப்ப உன் பயணத்தை எண்ணு. பெரம்பூர்லேருந்து மீனம்பாக்கம் ஒன்றரை மணி. பெல்ட்டைக் கழட்டி, செருப்பைக் கழட்டி, வரிசையில நின்னு, எண்ணெய் சொட்டுற வடையை எரநூறு ரூபாய்க்குத் தின்னு ரெண்டு மணி. பிளேன் ஒரு மணி இருபது. பெட்டிக்குக் காவல் நின்ன அரை மணி. கார்ல இங்க வர ஒண்ணே கால். கூட்டிப் பாத்தா ஆறரை மணிக்கு மேல. 1977லேருந்து ஓடுற வைகை எக்ஸ்பிரஸ்ல ஜன்னலோரமா உக்காந்திருந்தா ஏழு மணி சொச்சத்துல மதுரை. காசும் மிச்சம், பெல்ட்டும் இடுப்புலயே இருந்திருக்கும்.

பிளேன்ல வராதன்னு சொல்லல ராசா. வா, ஊரு பாக்கட்டும். ஆனா மணிக்கணக்கு மட்டும் சொல்லாத. சக்கரம் மதுரைத் தரையத் தொட்டதும் போன் போடு, பஞ்சாரத்தைத் தூக்குறோம். செக்கானூரணி தாண்டினதும் போடு, இலை போடுறோம்.

உனக்கு மிச்சமாகாத நேரம் அந்தக் கோழிக்காவது மிச்சமாகட்டும். பாவம், நாலு மணி நேரம் ஆயுசு கூடும்.