ரகசியம் காக்கப்படும்

2000-களின் தொடக்கத்தில் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று விளம்பரத் தட்டிகள் கேட்டன. ஊரே புள்ளிராஜாவுக்காகக் கவலைப்பட்டது. தனக்கு வருமா என்று கேட்டவர்தான் குறைவு.

கூச்சம் தெளியட்டும் என்றுதான் அரசு மருத்துவமனைகளில் ஹெச்.ஐ.வி. பரிசோதனைக்கு ‘நம்பிக்கை மையம்’ என்று நாசூக்காகப் பெயர். பரிசோதனை இலவசம். முடிவை வெளியே சொல்லக்கூடாதென்று 2017-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

ஒருமுறை போனேன். சீட்டு கொடுக்கும் இடத்தில் மெல்ல வழி கேட்டேன்.

“நம்பிக்கை மையமா? நேராப் போயி லெஃப்ட்டு, சார்!”

‘ரகசியம் காக்கப்படும்’ பலகையே அதிர்ந்தது. வரிசை மொத்தமும் திரும்பியது. எங்கள் தெரு அண்ணாச்சி உட்பட.

“சும்மா பிரஷர் பாக்க வந்தேன், தம்பி” என்றார், நான் கேட்காமலே.

மையத்து பெஞ்சில் எனக்கு அடுத்து வந்து உட்கார்ந்தவரும் அவர்தான்.