பரண், டைரி, சுண்ணாம்பு வாளி
தை பிறக்கும் வேளையில் வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எந்தப் பழக்கமும் 21 நாளில் படிந்துவிடும் என்றார்கள். போன ஜனவரியில் 21 நாளும் விடாமல் நடந்தேன். 22-ஆம் நாள் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டேன். குறை என்னிடமா, கணக்கிலா? (வங்கி ஊழியர், திருச்சி)

பதில்: கணக்கில்தான். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதிய புத்தகத்திலிருந்து கிளம்பிய எண் அது. அறுவை சிகிச்சைக்குப் பின் கண்ணாடியில் தெரியும் புது முகம் தன்னுடையதுதான் என்று மனம் ஒப்புக்கொள்ளக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று அவர் எழுதினார். ‘குறைந்தது’ வழியில் உதிர்ந்துவிட்டது. 21 மட்டும் ஊர் ஊராகச் சுற்றுகிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரை 12 வாரம் கவனித்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் அளவுக்குப் பழகச் சராசரியாக 66 நாள். ஆளையும் வேலையையும் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை போகும் என்பது அவர்கள் கணிப்பு. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய சேதமில்லை என்றும் கண்டார்கள். ஆக, 22-ஆம் நாள் தூங்கியதில் தப்பே இல்லை, 23-ஆம் நாள் எழுந்திருந்தால் போதும். இந்த முறை, தினமும் தவறாமல் நடக்கிற ஒரு காரியத்தோடு நடையை முடிச்சுப் போடுங்கள். காலைக் காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும் கால் செருப்பைத் தேடட்டும்.

கேள்வி: புத்தாண்டுத் தீர்மானத்தை ஜனவரி 1 அன்றுதான் எடுக்க வேண்டுமா? (இல்லத்தரசி, விருதுநகர்)

பதில்: அன்று தவறினால் தை 1 இருக்கிறது, அதுவும் தவறினால் சித்திரை 1. இத்தனை வாசல் வேறு யாருக்கு வாய்க்கும்?

கேள்வி: போகிக்குப் பரணைக் காலி செய்கிறோம். தாத்தா காலத்துக் காகிதங்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. எரித்துவிடலாம் என்கிறார் என் கணவர். (வாசகி, காரைக்குடி)

பதில்: தீப்பெட்டியை முதலில் அவரிடமிருந்து வாங்கி வையுங்கள் அம்மா.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு பதில் வாழ்ந்து போயிருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா சென்னையில் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவர். கையில் கிடைத்த பழைய புத்தகம், இதழ், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் சேர்த்தார். கல்யாணப் பத்திரிகையை எதற்குச் சேர்ப்பது என்று யாருக்கும் தோன்றும். எந்தக் குடும்பம் எந்த ஊரில் சம்பந்தம் செய்தது, எந்த அச்சகம் எந்த எழுத்தில் அச்சடித்தது, எந்த ஆண்டில் பெண்ணின் படிப்பைப் போட ஆரம்பித்தார்கள் என்பதெல்லாம் வேறு எங்கே பதிவாகிறது? அந்தச் சேகரிப்பை வைத்துத்தான் 1994-ல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. இன்றைக்குச் சென்னை தரமணியில், உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆய்வாளர்கள் வந்து உட்கார்ந்து படிக்கிறார்கள். அத்தனையும் யாரோ ஒருவருடைய பரணில் எரிக்கத் தயாராக இருந்த காகிதம்தான்.

பெட்டியை வெயிலில் கவிழ்க்க வேண்டாம், நிழலில் பிரியுங்கள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, காய்ந்த பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். ஈரத்துணி ஆகாது. குண்டூசி, ஸ்டேப்ளர் பின், ரப்பர் பேண்டு மூன்றையும் கழற்றிவிடுங்கள். துருவும் உருகிய ரப்பரும் பூச்சியைப் போலக் காகிதத்தைத் தின்னும். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், சில வருடங்களில் பழுப்பாகி எழுத்தையும் சேர்த்து உரிக்கும். புகைப்படத்தின் பின்பக்கம் இருப்பவர் பெயரை மென்மையான பென்சிலில் எழுதுங்கள். இதை வீட்டில் மூத்தவர் இருக்கும்போதே செய்ய வேண்டும். அடுத்த தலைமுறைக்கு அந்தப் படம் ‘யாரோ ஒரு பாட்டி’ ஆகிவிடும். ஓலைச்சுவடி ஏதும் கிடைத்தால் நீங்களே பிரிக்க முயல வேண்டாம், சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருக்கிறது.

எரித்தே ஆக வேண்டும் என்று அவர் கை பரபரத்தால், கிழிந்த ஓலைப் பாயும் தேய்ந்த துடைப்பமும் போதும். டயரும் பிளாஸ்டிக்கும் கூடவே கூடாது. 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்களே இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன.

கேள்வி: இந்தப் பொங்கலுக்கு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம் என்றேன். “இந்தக் காலத்திலா அப்பா?” என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். (ஓய்வுபெற்ற ஆசிரியர், செய்யாறு)

பதில்: சிரிக்கிற பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு மட்டையைக் கொடுங்கள் ஐயா, சாயங்காலம் வரை வேறு யோசனை வராது.

முதலில் சுவரைப் பாருங்கள். பழைய சுண்ணாம்போ வெறும் பூச்சோ இருந்தால் தாராளமாக அடிக்கலாம். எமல்ஷன் அடித்த சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது, செதில் செதிலாக உரியும். காரணம் எளியது. பெயிண்ட் சுவர்மேல் படலமாக உட்காரும். சுண்ணாம்பு சுவரின் துளைகளுக்குள் இறங்கி, காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து, மெல்ல மெல்ல மறுபடியும் கல்லாக மாறும். அந்த மாற்றத்துக்கு ஈரம் வேண்டும். அதனால்தான் நம் கொத்தனார்கள் சுவரை நனைத்துவிட்டு அடிப்பார்கள். உச்சி வெயிலில் அடித்தால் கல்லாகும் முன்பே காய்ந்து, தொட்டால் கையில் மாவாக வரும்.

முந்தின நாளே நீர்த்து வையுங்கள். தண்ணீரில்தான் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கல்மேல் தண்ணீரைக் கொட்டினால் சீறித் தெறிக்கும். கொதிநிலையைத் தொடும் சூடு என்பதால் பிளாஸ்டிக் வாளி வேண்டாம். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். தெறித்துவிட்டால் தண்ணீரால் கழுவிக்கொண்டே இருங்கள், உடனே மருத்துவரிடம் போங்கள். மறுநாள் துணியில் வடிகட்டி, பிடிப்புக்குக் கஞ்சியோ வச்சிரமோ, வெண்மைக்கு ஒரு சிட்டிகை நீலமும் சேர்க்கலாம். மோர்ப் பதம் போதும். ஒரே தடவையில் தடியாக அடிப்பதைவிட மெல்லிசாக இரண்டு மூன்று கை அடிப்பதே நிற்கும். அடித்த அன்று ஒன்றும் தெரியாது, காயக் காயத்தான் வெளுக்கும். அதற்குள் மனம் விட்டுவிடாதீர்கள். திண்ணையடியில் காவிப் பட்டையைப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள். கோணலானாலும் அது அவர்கள் இழுத்த பட்டை.

கேள்வி: ஒவ்வொரு வருடமும் டைரி ஜனவரி முதல் வாரத்தோடு நின்றுவிடுகிறது. எழுத என்ன இருக்கிறது என்று தோன்றிவிடுகிறது. (கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை)

பதில்: மனத்தை எழுதப் பார்க்கிறீர்கள், அது தினமும் அகப்படாது. விலையை எழுதுங்கள், மழையை எழுதுங்கள், வீட்டுக்கு யார் வந்தார்கள், என்ன சண்டை என்று எழுதுங்கள். புதுச்சேரியில் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து 1761 வரை அப்படித்தான் எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு, கவர்னர் துய்ப்ளேக்ஸ் என்ன சொன்னார், ஊரில் என்ன வதந்தி. அன்றாடக் குறிப்பாக அவர் எழுதி வைத்ததை விட்டுவிட்டு 18-ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியின் கதையை இன்று யாரும் எழுத முடியாது. நீங்கள் இன்றைய தக்காளி விலையிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: பயோடேட்டாவில் ‘பொழுதுபோக்கு’ என்ற இடத்தில் கோலம் என்று எழுதலாமா? தோழிகள் கிண்டல் செய்கிறார்கள். (பொறியியல் மாணவி, கோவை)

பதில்: கொட்டை எழுத்தில் எழுதம்மா. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1970-களில் கோலத்தின் இலக்கணத்தைக் கணினி அறிவியலில் ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினார்கள். புள்ளியையும் கம்பியையும் விதிகளாக எழுத முடியும் என்று காட்டினார்கள். நேர்ப்புள்ளியில் தொடங்கி, இடுக்குப்புள்ளியில் வளைத்து, எடுத்த இடத்திலேயே கம்பியைக் கொண்டுவந்து முடிக்கும் பெண் அந்த விதிகளை விரலில் வைத்திருக்கிறாள். நேர்முகத் தேர்வில் யாராவது கேட்டால் ஒரு காகிதமும் பேனாவும் கேட்டு வாங்கிக்கொள்.

கேள்வி: தையில் மாடித்தோட்டம் போட ஆசை. தளம் தாங்குமா? (அரசு ஊழியர், மதுரை)

பதில்: ஒரு கன அடி ஈர மண் ஏறக்குறைய 50 கிலோ. வெறும் மண்ணை நிரப்பாமல், தென்னை நார்க்கழிவும் மட்கிய எருவும் பாதிக்கு மேல் கலந்தால் எடை வெகுவாகக் குறையும். நார்க்கழிவை இரண்டு மூன்று தண்ணீர் அலசுங்கள், உப்பு போகும். பைகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல் சுவரோரம், உத்தரத்தின் மேல் வரிசையாக வையுங்கள். தண்ணீர் தேங்காதபடி அடியில் செங்கல் கொடுங்கள். முதலில் கீரை, வெண்டை, கொத்தவரை. இவை மூன்றும் புதுக்கையையும் கைவிடாது. ரோஜா அடுத்த வருடத்துக்கு.

கேள்வி: போன வருடச் சென்னைப் புத்தகக் காட்சியில் வாங்கியதையே இன்னும் படிக்கவில்லை. இந்த வருடமும் போகலாமா? (வாசகர், தாம்பரம்)

பதில்: போங்கள். 1977-லிருந்து நடக்கிற திருவிழா அது. பழைய அடுக்கில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு ரயிலேறுங்கள், போகும்போதே 30 பக்கம் குறையும்.

கேள்வி: ஒரு சாமி படம் மாட்ட என் கணவர் டிரில்லிங் மெஷினே வாங்கிவிட்டார். வீட்டில் எந்தச் சுவரைத் துளைக்கலாம் என்று தேடிக்கொண்டிருக்கிறார். (வாசகி, ஈரோடு)

பதில்: ஆசையைத் தடுக்காதீர்கள். ஒரே ஒரு சட்டம் போடுங்கள். சுவிட்ச் போர்டுக்கும் பிளக்குக்கும் நேர் மேலேயும் நேர் கீழேயும் துளைக்கக் கூடாது. ஒயர் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகும். குளியலறைச் சுவரின் மறுபக்கத்தில் குழாய் இருக்கும், அதையும் விடச் சொல்லுங்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால் டிரில்லும் ஓடாது. ஆகவே துளைக்கிற சுவரின் சர்க்யூட்டை மட்டும் அணைத்து, வேறு அறையிலிருந்து மின்சாரம் எடுக்கட்டும். மேலே பார்த்து வேலை செய்யும்போது கண்ணாடி அணியட்டும். சாமி படம் முடிந்த கையோடு, சமையலறையில் ரொம்ப நாளாக நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் அலமாரித் தட்டையும் மாட்டச் சொல்லிவிடுங்கள்.