காத்து எறங்குது அண்ணாச்சி

‘அண்ணாச்சி, டயர்ல காத்து எறங்குது’ என்று என்னிடம் சொல்லாத ஆள் தூத்துக்குடியில் இனிப் பாக்கி இல்லை. ரெண்டாம் கேட்டில் வந்து நின்றால் பக்கத்து ஷேர் ஆட்டோக்காரர் சொல்கிறார். பெட்ரோல் பங்க்கில் ஒரு காலேஜ் பையன் பைக்கை ஸ்டாண்டு போட்டு இறங்கி வந்து, குனிந்து நாலு சக்கரத்தையும் தட்டிப் பார்த்துவிட்டு, ‘டயரு நல்லாத்தான் இருக்கு, உள்ள எங்கியோ லீக்கு’ என்று தீர்ப்பும் சொல்லிவிட்டுப் போனான். நேற்று பனிமய மாதா கோயில் வாசலில் மெழுகுவத்தி விற்கும் பாட்டி, ‘ஏ ராசா, வண்டி இப்பிடி மூச்சு வாங்குதே, செத்த நிப்பாட்டி ஓட்டப்பிடாதா?’ என்றாள். வந்தவர்களில் பாட்டி ஒருத்திக்குத்தான் விஷயம் பிடிபட்டது.

மூச்சுதான். கோல்டு ஏர் இன்டேக் மாட்டியிருக்கிறேன். உங்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் ஏதாவது ஒன்றை மாட்டியவர்தான். வீட்டில் சொன்ன விலை ஒன்று, ஜீபேயில் போன தொகை வேறு. நான் மாட்டியதற்கு நியாயமான காரணம் ஒன்று இருக்கிறது. வரிசையாக வருகிறேன்.

வண்டி போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 லிட்டர், டர்போ, 105 குதிரை. 2022-இல் போலோவை இந்தியாவில் நிறுத்திவிட்டார்கள். நிறுத்திய நாளிலிருந்து அதை வைத்திருப்பவர்களுக்கு ஒரு மிதப்பு வந்துவிட்டது, எனக்கும்தான். கிட் கோயம்புத்தூரிலிருந்து வந்தது. கோவைக்காரர்களுக்கு என்ன, செட்டிபாளையத்தில் ரேஸ் டிராக் இருக்கிறது, நாராயண் கார்த்திகேயன் இருக்கிறார், பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சிலுசிலுவென்று காற்றும் வருகிறது. அங்கே உட்கார்ந்துகொண்டு அட்டைப்பெட்டியில் பனிமலைப் படம் போடுவது சுலபம். உள்ளே இருந்த தாளில் முதல் வரி: இன்ஜின் நன்றாகக் குளிர்ந்த பிறகு வேலையைத் தொடங்கவும். மாதம் மே, நேரம் மத்தியானம், இடம் பிரையண்ட் நகர். மெக்கானிக் தம்பி அந்த வரியைப் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு வேலையை ஆரம்பித்தார்.

கம்பெனி மாட்டியிருந்த கறுப்புப் பெட்டியைக் கழற்றியதும் அதன் மூக்கைத் தூக்கிக் காட்டினார். அது நேராக முன்பக்க கிரில்லுக்குப் போகிறது. ‘இது ஏற்கெனவே வெளிக்காத்தத்தான அண்ணாச்சி இழுக்கு?’ என்றார். ‘தம்பி, நீங்க மாட்டுங்க’ என்றேன். மாட்டினார். பெட்டி போய், சிவப்பு நிறத்தில் ஒரு கூம்பு வந்தது. மூடி கிடையாது, மறைப்பு கிடையாது. இன்ஜினுக்குப் பக்கத்தில் அம்மணமாக உட்கார்ந்து, இன்ஜின் விடும் அனலையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கிறது.

கணக்கு இதுதான். காற்று ஏறத்தாழ மூன்று டிகிரி குளிர்ந்தால் நூற்றுக்கு ஒரு பங்கு அடர்த்தி கூடும். அடர்த்தி கூடினால் பெட்ரோல் கூடுதலாக எரியும், இழுவை கூடும். நல்ல கணக்கு. ஆனால் டர்போ அந்தக் காற்றை அமுக்கும்போது மறுபடி சூடாக்கிவிடுகிறது. அதை ஆற்ற இன்டர்கூலர் என்று ஒன்றைக் கம்பெனியே வைத்திருக்கிறது. எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று முடிவு செய்வது இசியு. வாசலில் எந்த நிறத்தில் கூம்பு இருக்கிறது என்று அது கேட்பதே இல்லை. மிஞ்சுவது சத்தம். மிதித்தால் ‘ஷ்ஷ்ஷ்’, காலை எடுத்தால் ‘புஸ்ஸ்’.

சரி, காற்றுக்கு வருவோம். இந்த ஊரில் காற்று குளிர்ந்தால் பாதிப் பேருக்குப் பிழைப்பு இல்லை. இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்து உப்பு அதிகம் விளைவது தமிழ்நாட்டில், அதிலும் பெரும்பங்கு எங்கள் மாவட்டத்தில். கடல்தண்ணீரைப் பாத்தியில் கட்டி வைத்து, வெயிலும் காற்றும் குடித்தது போக மிச்சத்தை வாரிக் குவிக்கிறார்கள். காற்று சூடாகவும் வறட்சியாகவும் இருக்கும் என்பதை நம்பி ஒரு தொழிலே நடக்கிற ஊரில் நான் குளிர்ந்த காற்று வாங்கப் போனேன். ஆனி ஆடியில் கச்சான் அடிக்கும். ஈரத்தையெல்லாம் கேரளத்திலும் குற்றாலத்திலும் இறக்கி வைத்துவிட்டு வெறும் சூட்டையும் மணலையும் இங்கே கொண்டுவரும். அவர்களுக்குச் சாரல், நமக்குப் புழுதி. வாடை வீசுவது மார்கழி வாக்கில். ஆக என் கிட் மார்கழி மாதம், விடியற்காலம், பீச் ரோட்டில் மட்டும் வேலை செய்யும்.

காற்றில் இருப்பது காற்று மட்டுமா? திரேஸ்புரத்தில் வண்டியை எடுத்தால் முதலில் கருவாடு. நெத்திலி காயும் நாளில் ஒரு ருசி, சாளை காயும் நாளில் ஒரு ருசி. இன்ஜின் இரண்டுக்கும் முகம் சுளிக்காமல் போகிறது. டபிள்யூஜிசி ரோட்டுக்குள் நுழைந்தால் மக்ரூன் வேகும் வாசனை: முந்திரி, சீனி, முட்டை வெள்ளைக்கரு. இங்கே மட்டும் வண்டி இழுப்பது போல எனக்கு ஒரு எண்ணம். சாயங்காலமானால் பொரிச்ச புரோட்டாக் கடைகள் கல்லைப் பற்றவைப்பார்கள். எண்ணெய்ப் புகை தெருவுக்கே ஒரு கூரை போடும். வடிகட்டிக்கு எண்ணெய் தடவ வேண்டும் என்று கிட்டோடு ஒரு சின்ன பாட்டில் கொடுத்திருந்தார்கள். தேவையே படவில்லை. ஹார்பர் ரோட்டில் ஏறினால் இரண்டு பக்கமும் உப்பு அம்பாரம். அதைத் தாண்டினால் அனல்மின் நிலையம்: 210 மெகாவாட்டில் ஐந்து யூனிட், மொத்தம் 1050. அத்தனைக்கும் கப்பலில் வந்து இறங்குவது நிலக்கரி. அதில் ஒரு பங்கு காற்றில் ஏறி ஊர் சுற்றக் கிளம்புகிறது. முன்னால் தார்ப்பாய் சரியாகக் கட்டாத லாரி போனால் மீதியும் கிடைக்கும். வேறு ஊரில் கார் பெட்ரோலில் ஓடுகிறது. என் கார் பெட்ரோல், நிலக்கரி, நெத்திலி, முந்திரி நாலிலும் ஓடுகிறது.

இன்னும் முடியவில்லை. போன வாரம் கூம்பைக் கழற்றிப் பார்த்தேன். மடிப்புகளுக்குள் வெள்ளையாக ஒரு பொருக்கு. அதன்மேல் கரித்தூள். கரித்தூளில் ஒட்டிக்கொண்டு, வெளிச்சத்தில் மினுங்கியபடி, ஒரு மீன் செதில். வெள்ளைப் பொருக்கை விரலில் எடுத்து நாக்கில் வைத்தேன். சந்தேகமே இல்லை, நம்ம ஊர் உப்பு. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போவின் அலுமினியச் சக்கரத்துக்கு முன்னால் இதைத்தான் காவல் வைத்திருக்கிறேன். கிட் விற்கிற ஒருவராவது உப்புக்காற்றைப் பற்றி ஒரு வரி எழுதுகிறாரா? பனிமலைப் படம் போடுவார்கள். படத்துக்கு என்ன காசா பணமா!

அக்கா மகன் கப்பலில் ஃபோர்த் இன்ஜினியர். லீவில் வந்தவன் போனட்டைத் திறந்து பார்த்துச் சிரித்தான். ‘மாமா, எங்க மெயின் இன்ஜின் டர்போ உங்களவிட உயரம். டர்பைன் பக்கம் கரி புடிச்சா வால்நட் ஓட்டப் பொடிச்சு உள்ள அடிச்சுச் சுத்தம் பண்ணுவோம்.’ எங்கள் வீட்டில் பாயசத்துக்கே முந்திரியை எண்ணித்தான் போடுகிறார்கள். ஆல்ஃபிரட் பூக்கி என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1905-இல் டர்போவுக்குக் காப்புரிமை வாங்கியதையும், முதலில் அது பிழைத்தது பெரிய டீசல் இன்ஜின்களில்தான் என்பதையும் அவன் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அக்கா சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள். நல்லவேளை.

காற்றை எங்கிருந்து எடுப்பது என்பது இந்தக் கடற்கரையில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றது. சங்கு குளிப்பது நிற்கவில்லை. அந்தக் காலத்தில் கல்லைப் பிடித்து, மூச்சடக்கி இறங்கினார்கள். இப்போது படகில் கம்ப்ரசரை ஓடவிட்டு, குழாய் வழியாக வரும் காற்றில் அடியில் நிற்கிறார்கள். அந்தக் கம்ப்ரசர் காற்றை இழுக்கும் வாய் புகைக்குழாய்ப் பக்கம் திரும்பியிருந்தால் கீழே இருப்பவருக்கு நஞ்சுதான் போகும். அப்படிக் குளித்து ஓய்ந்த ஒரு பெரியவர் திரேஸ்புரத்தில் என் வண்டிச் சத்தம் கேட்டு நிறுத்தச் சொன்னார். போனட்டைத் திறந்து காட்டினேன். நிதானமாகப் பார்த்துவிட்டு, ‘வாயக் கொண்டுபோயி அடுப்புக்குள்ள வச்சிருக்கியேய்யா’ என்றார். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போய்விட்டார்.

காரணம் சொல்வதாகச் சொன்னேனே, வருகிறேன். அதற்கு முன் ஒன்று. இதற்கெல்லாம் வழி இருக்கிறதாம்: குழாயை நீட்டி, கூம்பை பம்பருக்குள் கீழே இறக்கிவிட்டால் நிஜமாகவே வெளிக்காற்று வரும் என்று கிட்காரர் போனில் சொல்கிறார். விலை தனி. காற்று வரும், மறுக்கவில்லை. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தூத்துக்குடித் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. பம்பர் உயரத்தில் வாயைத் திறந்து வைத்திருக்கும் வண்டி அந்தத் தண்ணீரில் காற்றை இழுக்காது, தண்ணீரைத்தான் இழுக்கும். தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும், தண்ணீர் இடம் கொடுக்காது, கனெக்டிங் ராடு வளையும். சாதாரணப் பாலிசியில் அதற்குப் பணம் கிடைக்காது. இன்ஜின் புரொடெக்ட் என்று தனியாகக் கட்டியிருக்க வேண்டும். அப்படிக் கட்டியிருந்தாலும், சர்வேயர் போனட்டைத் திறந்ததும் முதலில் படம் எடுப்பது அந்தச் சிவப்புக் கூம்பைத்தான்.

கூம்பு மாட்டியவர்கள் ஐப்பசி பிறக்கும் முன் பழைய கறுப்புப் பெட்டியைத் திரும்ப மாட்டிவிடுங்கள். பழைய இரும்புக்காரரிடம் போட்டிருந்தால் இன்றே போய்க் கேளுங்கள், பிளாஸ்டிக்கை அவர் அவ்வளவு சீக்கிரம் ஏற்றிவிட மாட்டார்.