மிஞ்சினது முதலிடம்: ஆண்டின் சிறந்த வீடியோ கேமைத் தேர்ந்தெடுக்க வேதாரண்யத்தாருக்கு ஒரு வழிகாட்டி

டிசம்பர் பிறந்தால் போதும், கேம் ஆடுகிறவர்களுக்குக் கை அரிக்கும். 'இந்த ஆண்டில் எனக்குப் பிடித்த பத்து கேம்கள்' என்று பட்டியல் போடாமல் தூக்கம் வராது. அமெரிக்காவில் 'தி கேம் அவார்ட்ஸ்' என்று விழாவே எடுத்து, 2023இல் 'பால்டர்ஸ் கேட் 3', 2024இல் 'ஆஸ்ட்ரோ பாட்' என்று முதலிடம் கொடுத்தார்கள். நாம் மட்டும் என்ன குறைச்சல்? 'வேதாரண்யம் விளக்கழகு' என்று பெயரெடுத்த ஊர் இது. கோயில் விளக்கில் நெய் குடிக்க வந்த எலி, தெரியாமல் திரியைத் தூண்டிவிட்ட புண்ணியத்துக்கு மறுபிறவியில் மகாபலிச் சக்கரவர்த்தி ஆனது என்கிறது தலபுராணம். ஒரே அசைவுக்கு அவ்வளவு பெரிய லெவல் அப் தருகிற கேமை இன்னும் எவரும் செய்யவில்லை. ஆகவே தகுதியில் சந்தேகமே வேண்டாம். முறைதான் தெரிய வேண்டும்.

1. சைஸைப் பாருங்கள்

கதை, கிராஃபிக்ஸ் எல்லாம் அப்புறம். 'பால்டர்ஸ் கேட் 3'க்குக் கம்ப்யூட்டரில் 150 ஜிபி இடம் வேண்டும். தினம் ஒன்றரை ஜிபி தருகிற செல் பேக்கில் இறக்கினால் 100 நாள். டவுன்லோடு போட்ட அன்று தஞ்சாவூர்ப் பக்கம் குறுவைக்கு விதை விட்டவர், அது முடிவதற்குள் அறுப்பு மெஷினுக்குச் சொல்லி வைத்திருப்பார். கடைமடைக்குத் தண்ணீரும் டேட்டாவும் கடைசியில்தான் வந்து சேரும். பெரிய கேம்களை இங்கேயே அடித்துவிடுங்கள்.

2. தடைப்பட்டியலைப் பாருங்கள்

பப்ஜி மொபைல் 2020 செப்டம்பர் 2 அன்று தடையான 118 செயலிகளில் ஒன்று. 2021 ஜூலையில் அதுவே 'பிஜிஎம்ஐ' என்று பெயரை மாற்றி, சிவப்பு ரத்தத்தைப் பச்சையாக்கிக்கொண்டு வந்தது. 2022 ஜூலையில் மறுபடி காணாமல் போனது, 2023 மே மாதம் திரும்பியது. 'ஃப்ரீ ஃபயர்' 2022 பிப்ரவரியில் போனது. அண்ணன் 'ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்' மட்டும் தப்பியது. காசு வைத்து ஆடும் ரம்மியைச் சேர்க்க நினைத்தவர்கள் உடனே அழித்துவிடவும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அதற்கென்றே சட்டம் போட்டுவிட்டது. இத்தனை தரம் உள்ளே போய் வெளியே வந்தும் முகம் கோணாமல் ஓடுகிற கேமுக்கு விடாமுயற்சி மதிப்பெண் ஐந்து போடலாம்.

3. வானத்தைப் பாருங்கள்

ஊருலகம் பட்டியல் போடுகிற மாதத்தில்தான் நமக்குப் புயலும் மழையும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. அந்த டிசம்பரில் 'காட் ஆஃப் வார்'தான் சிறந்த கேம் என்று தீர்ப்பு வந்தபோது, இங்கே பல ஊர்களில் மின்கம்பமே நிமிரவில்லை. ஜெனரேட்டருக்குக் காசு கொடுத்து செல்லுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தோம். அந்த ஆண்டுக்கு வேதாரண்யத்தின் தீர்ப்பு: பட்டன் போனில் இருந்த பாம்பு. ஒருதரம் சார்ஜ் போட்டால் நாலு நாள் நெளியும்.

புயல் இல்லாத ஆண்டில் உப்புக்காற்று இருக்கிறது. அகஸ்தியன்பள்ளி உப்பளப் பக்கம் வைத்திருந்த செல்லின் சார்ஜர் குழியை வெளிச்சத்தில் பாருங்கள், பச்சையாகக் களிம்பு தெரியும். செல்லை அணைத்துவிட்டு, விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை ஒடித்து, நுனியைக் கடித்து நாராக்கி, மெல்லச் சுரண்டவும். அப்படியும் கேபிளை இடப்பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும் என்றால், ஒற்றைக் கையால் ஆடக்கூடிய கேம்களை மட்டும் பரிசீலிக்கவும்.

4. அம்மாவிடம் கருத்துக் கேளுங்கள்

பிஜிஎம்ஐயில் கடைசி வட்டம் சுருங்கும்போது அடுப்படியிலிருந்து குரல் வரும்.

"டேய், அத நிப்பாட்டிட்டு கடைக்குப் போயி புளி வாங்கிட்டு வா."

"ஆன்லைன் கேம நிப்பாட்ட முடியாதும்மா."

"குழம்பு கொதிக்கிறத மட்டும் நிப்பாட்ட முடியுமா?"

இதற்குப் பதில் எந்த ரிவ்யூவிலும் கிடையாது. நிப்பாட்ட முடிகிற கேமுக்குப் பத்து மதிப்பெண் கூடுதல். அந்த வகையில் 'வெண்பா' உத்தமம். டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டு, அடுத்த ஆண்டு பாஃப்டாவில் சிறந்த அறிமுக கேம் விருதும் வாங்கியது. 1980களில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்த் தாய், அழிந்தும் கிழிந்தும் கிடக்கும் சமையல் நோட்டை வைத்துக்கொண்டு இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறாள். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இரண்டு கரண்ட் கட்டுக்கு நடுவே அடங்கும். எட்டிப் பார்த்த அம்மாக்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "பாத்திரத்த யாரு கழுவுறது?"

5. நாலாவது ஆளை எண்ணுங்கள்

ஸ்க்வாடுக்கு நாலு பேர் வேண்டும். ஒருவன் திருப்பூர் பனியன் கம்பெனியில், ஷிஃப்ட் முடிந்துதான் வருவான். ஒருவனுக்குக் கோடியக்கரையில் சிக்னல் மாடியில் மட்டும். ஒருவன் எப்போதும் 'இதோ வர்றேன்'. கூட்டாட்டத்தில் வருகிற மனத்தாங்கல் இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. அடைத்துக் கிடந்த கோயில் கதவைத் திறக்க அப்பர் பதிகம் முழுக்கப் பாட வேண்டியிருந்தது; சம்பந்தர் முதல் பாட்டிலேயே மூடிவிட்டார். அப்பருக்கு ஏற்பட்ட வருத்தம் பெரியபுராணத்திலேயே பதிவாகியிருக்கிறது. ஆகவே நாலு பேர் கூடாத கேமையும் அடித்துவிடுங்கள்.

6. மிஞ்சியதை எண்ணுங்கள்

பத்து வராது, இரண்டு வந்தால் அதிர்ஷ்டம். வந்ததை 'தேர்ந்தெடுத்தேன்' என்றே எழுதவும், 'வேறு வழியில்லை' என்று எழுத வேண்டாம். பெரிய பட்டியல்காரர்களும், வாங்கக் கிடைத்ததற்குள், நேரம் கிடைத்ததற்குள்தான் ஆடிவிட்டுப் பிடித்திருக்கிறது என்கிறார்கள். சல்லடையை வெளியே காட்டுவதில்லை, அவ்வளவுதான்.

பட்டியலை மார்கழியிலேயே வெளியிட்டுவிட வேண்டாம். தை பிறக்கட்டும். அதற்குள் இன்னொன்றைத் தடை செய்திருப்பார்கள், திருத்துகிற வேலை மிச்சம்.