முன்னுரைக்குள் ஒரு தாலுகா

நீண்டதொரு கட்டுரையை எழுதி முடித்தவுடன், தலைப்புகளை மாத்திரம் வெளியே நிறுத்தி மற்றதையெல்லாம் உள்ளே சுருட்டி வைத்து, கணினித் திரை எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று நாற்காலியில் சாய்ந்தபடி ரசிக்கும் வழக்கம் உங்களுக்கும் உண்டு என்பதை நான் அறிவேன், எனக்கும் உண்டு. ஆனால் சுருட்டியதைச் சுருட்டியபடியே பிறர் தலையில் கட்டும் துணிச்சலை இந்த ஆடி மாதத்தில்தான் கண்டேன்.

குழித்துறையில் ஒரு சங்கத்தார் மலர் வெளியிடுகிறார்கள். அதில் சேர்க்க வேண்டிய ஊர் வரலாற்றைப் பிழை பார்த்துத் தரும்படி எனக்கு அனுப்பியிருந்தார்கள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒரு குவளை கட்டன் சாயாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறந்து பார்த்தால், ‘முன்னுரை’ என்று ஒரே ஒரு சொல். அதன் இடப்புறத்தில் எள்ளளவு முக்கோணம். அதற்குக் கீழே பரிசுத்தமான வெண்மை. முன்னுரை எழுதிவிட்டு வரலாற்றை மறந்துவிட்டார்கள் போலும் என்று எண்ணி, எழுத்துப்பிழை ஏதுமில்லை என்று பதில் எழுத உட்கார்ந்த சமயத்தில் மருமகன் வந்து எட்டிப் பார்த்தான்.

“மாமா, அந்த முக்கோணத்தில ஒண்ணு அமுக்கிப் பாருங்க.”

அமுக்கினேன். பிரளயம் வந்தது. தாமிரபரணி ஆறு, ஆடி அமாவாசைத் தர்ப்பணம், வாவுபலிப் பொருட்காட்சி, விளவங்கோடு தாலுகா, கச்சேரிகள், தமிழகத்தோடு இணையக் கோரிய நேசமணி அவர்களின் போராட்டம், 1954 ஆகஸ்டு 11-ஆம் தேதித் துப்பாக்கிப் பிரயோகம், 1956 நவம்பர் 1-இல் தாய்த் தமிழகத்தோடு இணைந்தது, 1979-இல் ரயில் வந்தது, ஆகிய சகலமும் அந்த முன்னுரையின் வயிற்றுக்குள்ளிருந்து புறப்பட்டு வந்தன. தட்டச்சு செய்த புண்ணியவான் முன்னுரைக்கு முதல்நிலைத் தலைப்பையும், ஊருக்கும் ஆற்றுக்கும் போராட்டத்துக்கும் இரண்டாம் நிலையையும் வழங்கியிருக்கிறார். இன்னொரு முதல்நிலைத் தலைப்பு எதிர்ப்படும் வரைக்கும் கீழேயுள்ள யாவும் முந்தியவருக்கே உடைமை என்பது அந்த இயந்திரத்தின் தர்மம். இதில் ஓர் அபாயமும் உண்டு. சுருண்டிருக்கும் தலைப்பை அழித்தால் அதன் உள்ளே இருப்பதும் கூடவே அழியும். ‘முன்னுரை எதற்கு, வீண் காகிதச் செலவு’ என்று சங்கத்தில் ஒருவர் அதை எடுத்திருந்தால், 1956 நவம்பர் 1 போயிருக்கும். நாங்களெல்லாம் மறுநாள் காலையில் திருவிதாங்கூர்-கொச்சியில் விழித்திருப்போம்.

கைதவறி நேர்ந்தது என்று சமாதானம் சொல்லவும் இடமில்லை. 2013-ஆம் ஆண்டு வேர்டு பதிப்பில் இந்த விசேஷத்தைப் புகுத்தியவர்கள், கோப்பை மூடித் திறந்தால் தலைப்புகள் தாமாகவே விரிந்துகொள்ளும்படி ஏதோ ஒரு தயாளத்தினால் ஏற்பாடு செய்திருந்தார்கள். பத்தி அமைப்புக்கான பெட்டிக்குள் போய், அதற்கென்று உள்ள கட்டத்தில் குறியிட்டாலொழிய கோப்பு சுருண்ட நிலையில் திறக்காது. ஆகவே இது தேடிப்போய்ச் செய்த காரியம். இந்த உபத்திரவத்துக்குச் சுலபமான பரிகாரம் ஒன்று என்னிடம் உண்டு. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன் ஆதிமூலத்தைப் பற்றி ஒரு வார்த்தை.

1968 டிசம்பர் 9-ஆம் தேதி சான்பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்னும் அமெரிக்கர் ஒரு மகாசபையின் முன் உட்கார்ந்து, மவுஸ் என்ற வஸ்துவை உலகத்துக்குக் காட்டினார். அதே அமர்வில், எழுத்தைத் தலைப்புக்குள் சுருக்கவும் விரிக்கவும் செய்து காட்டினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் கடைச் சாமான் பட்டியல். அதில் வாழைப்பழமும் இருந்தது. இங்கேதான் எனக்கும் அவருக்கும் அபிப்பிராய பேதம். அமெரிக்காவில் வாழைப்பழம் என்றால் ஒரே ஜாதிப் பழம். தலைப்பைத் திறந்தாலும் மூடினாலும் குடிமுழுகிப் போகாது. அந்த மகான் தம் பட்டியலை வாழைப்பழம் என்ற அளவில் சுருக்கிக்கொண்டு மார்த்தாண்டம் சந்தைக்கு வந்திருக்க வேண்டும். “எந்தப் பழம் சாரே?” என்று கடைக்காரர் கேட்டிருப்பார். நேந்திரமா, மட்டியா, செந்துளுவனா, பாளையங்கோட்டானா, ரசகதலியா, பேயனா? நேந்திரம் என்றாலும் விடமாட்டார். பழமாகத் தின்னவா, வறுக்கவா, புழுங்கவா என்பார். மட்டி என்றால், கைக்குழந்தைக்கா, பூஜைக்கா என்பார். குழந்தைக்கு என்றால் எத்தனை மாதம் என்று விசாரிப்பார். குழந்தை யாருடையது, அதன் தகப்பனார் எந்த ஊர், அவர் இன்னாருக்குச் சொந்தமா என்று விவரம் மேலும் மேலும் விரியும். இன்றைக்குத் தின்னவா நாளைக்கா என்று கேட்டு, அதற்கேற்பக் காய்ப்பதம் பார்த்து எடுப்பார். குலையாகவா சீப்பாகவா என்பது தனி அத்தியாயம். செந்துளுவனின் விலையைக் கேட்டுவிட்டு வாங்காமல் நகர்ந்தவர்களின் சரித்திரம் மற்றோர் அத்தியாயம். இவ்வளவையும் ஒரு முக்கோணத்துக்குள் அடக்கலாம் என்று நம்புகிறவர் வீட்டுக்குப் பழம் வாங்கிப் போனவரே அல்லர் என்பது என் சித்தாந்தம். வாங்கிப் போய், ‘இதையா கேட்டேன்?’ என்ற வசவையும் வாங்கியவர்களுக்கு விவரம் இன்றியமையாதது என்று தெரியும். பாளையங்கோட்டானுக்கும் பேயனுக்கும் பேதம் தெரியாதவர்களும் நாட்டில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரையையும் சுருட்ட வேண்டியதாகிவிடும்.

மருமகன் விடவில்லை. “அந்தக் காலத்திலயும் சுருட்டித்தானே மாமா வச்சிருந்தாங்க? பத்மநாபசுவாமி கோயில் மதிலகம் ஆவணமெல்லாம் ஓலைச் சுருணைதானே?” என்றான். ஆமாம், சுருணைதான். ஆனால் அது கண்ணுக்குத் தெரியும். அதன் பருமனைப் பார்த்த மாத்திரத்தில், உள்ளே எத்தனை தலைமுறையின் கணக்கு கிடக்கிறது என்று கணக்குப்பிள்ளை பெருமூச்சு விடுவார். இந்த முக்கோணமோ ஒரு வரியை மறைத்தாலும் ஒரு தாலுகாவையே மறைத்தாலும் அதே எள்ளளவுதான். மூடியிருக்கும்போது அசையாமல் நிற்கும். திறந்துவிட்டால், மவுஸ் அந்தத் தலைப்பின் மேல் நிற்கிற வரைக்கும் தலைகாட்டி, நகர்ந்தவுடன் மறைந்துபோகும். மறுபடி மூட நினைக்கிற கிழவன் வெறும் விளிம்பில் மவுஸைத் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வேடிக்கையாகச் சொல்கிறேனே தவிர, எனக்குள்ளே எரிச்சல் தீரவில்லை. அச்சங்கத்தின் சென்ற பொதுக்குழுவில் ஆண்டறிக்கையைச் சுவரில் வெள்ளை வேட்டி கட்டிப் படமாகக் காட்டினார்கள். வரவேற்பு, நிகழ்ச்சிகள், வரவு செலவு, இதர விஷயங்கள், நன்றி, அவ்வளவே. செயலாளர் ஒவ்வொரு தலைப்பையும் கணீரென்று வாசித்தார். ‘வரவு செலவு’ என்றார்; சபை கரகோஷம் செய்தது; நிறைவேறியது. எவ்வளவு வரவு, எவ்வளவு செலவு என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கலாமென்று நான் எழுந்தேன். பின்வரிசையில் நெய்யப்பம் வந்துவிட்டபடியால் நான் நன்றி கூற எழுந்ததாகச் சபை கருதிவிட்டது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இவ்வாண்டு அறிக்கையும் வந்து சேர்ந்திருக்கிறது. அதே தலைப்புகள், அதே முக்கோணங்கள். வலப்பொத்தானை அமுக்கினால் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் விரிக்க வழியுண்டு என்று மருமகன் போதிக்கிறான். நான் விரிக்கப் போவதில்லை. முன்பு சொன்ன என் பரிகாரம் வேறு. பொருளாளர் வீடு ஆற்றுக்கு அக்கரையில்தான் இருக்கிறது. சாயங்காலம் குடையை எடுத்துக்கொண்டு போய், திண்ணையில் உட்கார்ந்து, முதல் ரூபாயிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்கப் போகிறேன்.